ஓட்டுரிமைச் சட்டத்துக்காக உங்கள் காங்கிரஸ் உறுப்பினரைக் கூப்பிடுவது எப்படி?

202-224-3121. வாஷிங்டனில் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் பொது டெலிபோன் எண் இது. இதை முதலில் உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். எடுப்பவரிடம் உங்கள் மாநிலத்தையும் செனட்டர் அல்லது பிரதிநிதியின் பெயரையும் சொன்னால் போதும், நேராக அந்த அலுவலகத்துக்கு இணைப்புக் கொடுத்துவிடுவார்கள்.

நான் ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஜான்ஸ் கிரீக்கில் குடியிருக்கிறேன். இனத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையைப் பறிப்பதைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு ஓட்டுரிமைச் சட்டத்தை மீண்டும் உயிர்ப்பிக்கச் சொல்லி அலுவலகங்களுக்குப் போன் செய்வதையும், தெரிந்தவர்களைச் செய்யவைப்பதையும் சில ஆண்டுகளாக விடாமல் செய்துவருகிறேன். பொங்கல் விழாப் பந்தியிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? அது கறுப்பினத்தவர் பிரச்சினை இல்லையா?" அவர்களுக்குச் சொல்லும் பதிலையும், போனை எடுத்தால் என்ன பேசுவது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது

போன் செய்யும் முன் இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும். 1965 மார்ச் 7-ஆம் தேதி அலபாமாவின் செல்மா நகரில், கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை கேட்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடக்க முயன்ற ஊர்வலத்தைக் காவல்துறை அடித்து நொறுக்கியது. ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்த ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. அவர்தான் பின்னாளில் எங்கள் அட்லாண்டாவின் காங்கிரஸ் உறுப்பினராகி, 2020-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த ரத்தத்தைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் ஓட்டுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சட்டத்தின் முதுகெலும்பு 5-ஆம் பிரிவு. ஓட்டுரிமையைப் பறித்த வரலாறு உள்ள மாநிலங்கள், தேர்தல் விதியில் எந்த மாற்றம் செய்தாலும், அது நடைமுறைக்கு வரும் முன் வாஷிங்டனின் அனுமதியைப் பெற வேண்டும். வாக்குச்சாவடியை இடம் மாற்றினாலும் சரி, தொகுதி எல்லையைத் திருத்தினாலும் சரி. எந்தெந்த இடங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு என்பதை 4-ஆம் பிரிவில் உள்ள ஒரு சூத்திரம் தீர்மானித்தது. ஜார்ஜியா முழுவதும் அதில் இருந்தது. டெக்சஸ், வர்ஜீனியா, அரிசோனா, அலபாமா, நியூயார்க் நகரின் சில கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எல்லாம் இருந்தன. 1970, 1975, 1982, 2006 என்று காங்கிரஸ் இதைத் தொடர்ந்து புதுப்பித்துவந்தது. கடைசி முறை பிரதிநிதிகள் சபையில் 390-க்கு 33. செனட்டில் 98-க்கு 0. கையெழுத்திட்டவர் ரிபப்ளிகன் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ். இந்த எண்களை மறக்காதீர்கள், பின்னால் உதவும்.

2013 ஜூன் 25-ஆம் தேதி, ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற தீர்ப்பில் அந்தச் சூத்திரம் பழையதாகிவிட்டது என்று சொல்லி அதைத் தள்ளுபடி செய்தது. சூத்திரம் போனதால் 5-ஆம் பிரிவு புத்தகத்தில் இருந்தும் வேலை செய்யவில்லை. நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையைத் தூக்கி எறிவதற்குச் சமம் இது என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மறுப்புத் தீர்ப்பில் எழுதினார். தீர்ப்பு வந்த அன்றே டெக்சஸ், அதுவரை தடுத்து நிறுத்தப்பட்டிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப்போவதாக அறிவித்தது. இரண்டு மாதத்துக்குள் வட கரோலினா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கறுப்பின வாக்காளர்களை அறுவை சிகிச்சைபோல் குறிபார்த்துத் தாக்குகிறது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே அதை ரத்து செய்தது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் நடந்த தேர்தல்களை யார் திருப்பித் தருவார்கள்? முன் அனுமதிக்கும் வழக்குக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் மாநிலத்திலேயே ஒன்று நடந்தது. 2018 ஆகஸ்டில், ஜார்ஜியாவின் தென்மேற்கு மூலையில் ரேண்டால்ஃப் என்ற சின்னக் கவுண்டி, தன்னிடம் இருந்த 9 வாக்குச்சாவடிகளில் 7-ஐ மூட ஒரு திட்டம் போட்டது. மக்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலருக்குக் கார் கிடையாது, பேருந்து வசதியும் இல்லாத பகுதி. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வசதி அந்தக் கட்டடங்களில் இல்லை என்பது சொன்ன காரணம். 2013-க்கு முன் என்றால் இது முதலில் வாஷிங்டனுக்குப் போயிருக்கும். இப்போது அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. மக்கள் கூட்டம் கூட்டமாக எதிர்த்தார்கள், மனு எழுதினார்கள், கூப்பிட்டார்கள், செய்தி நாடு முழுவதும் பரவியது. தேர்தல் வாரியம் அந்தத் திட்டத்தை ஒரே ஒரு நிமிடக் கூட்டத்தில் கைவிட்டது. கூப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் உதாரணம் ரேண்டால்ஃப் கவுண்டி.

நமக்கு என்ன சம்பந்தம்?

1923-இல், பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று இதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மாறியது 1946-இல். அதன் பிறகும் ஆண்டுக்கு 100 பேர்தான். நம் பெற்றோர் தலைமுறை படிப்புக்கும் வேலைக்கும் வரிசையாக வர முடிந்தது 1965 அக்டோபர் 3-ஆம் தேதி கையெழுத்தான குடியேற்றச் சட்டத்தால். ஓட்டுரிமைச் சட்டம் வந்து இரண்டே மாதம். இரண்டையும் நிறைவேற்றியது ஒரே காங்கிரஸ். செல்மாவில் அடிபட்டவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் நாம் உள்ளே வந்தோம். இது நன்றிக்கடன், நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

நன்றிக்கடனை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இந்தச் சட்டம் நம் வீட்டுக்குள் இருக்கிறது.

55 வயதைத் தாண்டி, கிரீன் கார்டு வாங்கி 15 ஆண்டு ஆனவர் ஆங்கிலத் தேர்வு இல்லாமல் சிட்டிசன்ஷிப் வாங்கலாம். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு குடிமைத் தேர்வுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம். என் அம்மா அப்படி வாங்கியவர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தார், தினமும் தமிழ்ப் பேப்பர் வரிவிடாமல் படிப்பார், ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியாது. அரசே தமிழில் தேர்வு வைத்துக் குடிமகளாக்கிய ஒருவரின் கையில், ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் வாக்குச்சீட்டைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

இதற்குத்தான் 208-ஆம் பிரிவு. 1982-இல் சேர்த்தது. பார்வை இல்லாதவர், மாற்றுத்திறனாளி, எழுதப் படிக்க இயலாதவர் யாராக இருந்தாலும் தனக்குப் பிடித்த ஒருவரை உதவிக்கு அழைத்துப் போகலாம். முதலாளியும் தொழிற்சங்க ஆளும் மட்டும் கூடாது. ஆங்கிலம் படிக்கத் தெரியாததும் இதில் அடங்கும். எங்கள் சாவடியில் முதலில் பதிவு மேசையில் சொல்லிவிடுவேன். உதவி செய்பவர் என்று படிவத்தில் என் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அம்மாவும் நானும் தொடுதிரை முன்னால் சேர்ந்து நிற்போம். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படிப்பேன். செனட்டர், கவர்னர், அப்புறம் மாநில அரசியல் சாசனத் திருத்தம் என்று பத்தி பத்தியாக வரும். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல எங்கட்டி அமுக்கணும்?" என்பார். விரல் அவருடையதுதான். முடித்ததும் இயந்திரம் ஒரு தாளை அச்சடித்துத் தரும். அதில் உள்ள பெயர்களை மறுபடி அவருக்குப் படித்துக் காட்டுவேன், அவரே கொண்டுபோய் ஸ்கேனரில் விடுவார். இத்தனைக்கும் ஆதாரம் அந்த ஒரு பிரிவு.

அதுவும் தானாகக் கிடைத்துவிடவில்லை. 2014-இல் டெக்சஸில், ஆஸ்டினுக்கு வடக்கே வில்லியம்சன் கவுண்டியில், வங்காள மொழி பேசும் ஒரு இந்தியத் தாய் மகனோடு ஓட்டுப் போடப் போனார். மகன் பக்கத்து டிராவிஸ் கவுண்டியில் பதிவு செய்த வாக்காளர். மொழிபெயர்ப்பவர் அதே கவுண்டி வாக்காளராக இருக்க வேண்டும் என்ற மாநில விதியைக் காட்டி மகனைத் தடுத்துவிட்டார்கள். அவரும் ஒரு ஆசிய அமெரிக்க அமைப்பும் வழக்குப் போட்டார்கள். 2017-இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த விதி 208-ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அந்தத் தாய் உயிரோடு இல்லை.

வழக்குப் போட்டது அரசு அல்ல, ஒரு தாயும் ஒரு அமைப்பும். இதைக் கவனியுங்கள். ஏனென்றால் 2025 ஜூலையில் எட்டாவது வட்டார நீதிமன்றம், 208-ஆம் பிரிவின்கீழ் தனியார் யாரும் வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டது. இன, நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் 2-ஆம் பிரிவைப் பற்றி 2023-லேயே அப்படித்தான் சொன்னது. அந்த வட்டாரத்தில் ஏழு மாநிலங்கள்: மினசோட்டா, அயோவா, மிசௌரி, ஆர்கன்சா, நெப்ராஸ்கா, வட டகோட்டா, தென் டகோட்டா. மினியாபொலிஸிலும் செயின்ட் லூயிஸிலும் பென்டன்வில்லிலும் நம்மவர்கள் எத்தனை குடும்பம் என்று உங்களுக்கே தெரியும். அங்கே ஒரு பாட்டியோடு போன பேரனைச் சாவடியில் தடுத்தால், அந்தத் தீர்ப்பின்படி மத்திய அரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் மனம் வைத்தால்தான் வழக்கு.

203-ஆம் பிரிவு இன்னொன்று. ஒரு கவுண்டியில் ஆங்கிலம் போதாத, ஒரே மொழிச் சிறுபான்மையைச் சேர்ந்த குடிமக்கள் 10,000 பேருக்கு மேலோ 5 சதவீதத்துக்கு மேலோ இருந்து, எழுத்தறிவு நிபந்தனையும் பொருந்தினால் அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு தர வேண்டும். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் இந்தியும், நியூயார்க்கின் குயின்ஸில் வங்காளமும் வந்தது இப்படித்தான். எங்கள் பக்கத்து குவினெட் கவுண்டியில் 2016 முதல் ஸ்பானிஷ். இந்தப் பிரிவுக்கு முடிவு தேதி உண்டு: 2032 ஆகஸ்ட். அதற்குள் காங்கிரஸ் புதுப்பிக்காவிட்டால் அது தானாகக் காலாவதியாகிவிடும். 2006-இல் கெடு வருவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பித்தார்கள், அதற்கும் பல ஆண்டு முன்பிருந்தே மக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே இது இப்போதே தொடங்க வேண்டிய வேலை.

யார் கூப்பிடலாம்?

அந்தத் தொகுதியில் வசிக்கும் யாரும் கூப்பிடலாம். கிரீன் கார்டு, எச்-1பி, மாணவர் விசா எதுவாக இருந்தாலும் அந்த உறுப்பினர் உங்களுக்கும் பிரதிநிதிதான். குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ்-இல் கேஸ் தேங்கிக் கிடந்தால் இதே அலுவலகத்தைத்தானே கூப்பிடுகிறோம்? ஆனால் "நான் உங்களுக்கு ஓட்டுப் போட்டேன்" என்று குடிமகன் அல்லாத எவரும் பேச்சுவாக்கில்கூடச் சொல்லக் கூடாது. குடிமகன் அல்லாதவர் வாக்காளராகப் பதிவு செய்வதும் ஓட்டுப் போடுவதும் குற்றம். நாடு கடத்தும் அளவுக்குப் போகும். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கேள்வி வந்தால் நிதானமாகப் படித்து மறுத்துவிடுங்கள். கிரீன் கார்டுகூட இல்லாதவர் தேர்தல் நிதியும் தரக் கூடாது. கருத்துச் சொல்ல மட்டும் எந்தத் தடையும் இல்லை.

கூப்பிடும் முன்

ஒவ்வொருவருக்கும் மூன்று பேர் உண்டு. ஒரு பிரதிநிதி, இரண்டு செனட்டர்கள். பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் ஜிப் கோடு கொடுத்தால் உங்கள் பிரதிநிதி யார் என்று வரும். சில ஜிப் கோடுகள் இரண்டு தொகுதியில் விழும், அப்போது முழு முகவரி கேட்கும். தொகுதி எல்லையை அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் போன தேர்தலில் இருந்தவரே இப்போதும் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது, காங்கிரஸின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஜான் ஆர். லூயிஸ் ஓட்டுரிமை மேம்பாட்டு மசோதாவைத் தேடுங்கள். 2025 மார்ச்சில் செல்மாவின் பிரதிநிதி டெர்ரி சூவெல் தாக்கல் செய்த அந்த மசோதாவின் எண் எச்.ஆர். 14. அந்தப் பக்கத்திலேயே இணை முன்மொழிவோர் (கோ-ஸ்பான்சர்) பட்டியல் இருக்கும். உங்கள் ஆள் அதில் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஆதரிப்பவரிடம் போய் "ஆதரியுங்கள்" என்று கேட்பது உங்கள் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் கேடு.

மசோதா என்ன சொல்கிறது? உச்ச நீதிமன்றம் பழையது என்று தள்ளிய சூத்திரத்துக்குப் பதிலாகப் புதியது. கடந்த 25 ஆண்டுகளில் ஒரு மாநிலத்தில் 15 ஓட்டுரிமை மீறல்கள் நிரூபணமானால், அல்லது மாநில அரசே செய்தது ஒன்றாவது உட்பட 10 ஆனால், அந்த மாநிலம் 10 ஆண்டு முன் அனுமதிக்கு உட்படும். தெற்கு, வடக்கு என்ற பேதம் இல்லை. ஒழுங்காக நடந்துகொண்டால் காலப்போக்கில் தானாகவே வெளியே வந்துவிடலாம்.

போனில்

காலையில், கிழக்கு நேரம் ஒன்பதரை பத்து மணிக்குக் கூப்பிடுங்கள். எடுப்பவர் பெரும்பாலும் கல்லூரி மாணவரான ஒரு இன்டர்னாகவோ இளம் உதவியாளராகவோ இருப்பார். அவர் உங்களோடு வாதம் செய்ய மாட்டார். பெயர், ஜிப் கோடு, எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்புகள் தொகுக்கப்பட்டு மேலே போகும். ஒரு மசோதாவைப் பற்றி ஒரு வாரத்தில் திடீரெனப் பல அழைப்பு வந்தால், அந்தத் துறையைப் பார்க்கும் அலுவலருக்குத் தெரியாமல் போகாது.

நீங்கள் பேச வேண்டியது ஒரு நிமிடம்தான். முதலில் பெயர், ஊர், ஜிப் கோடு. அடுத்து ஒரே ஒரு கோரிக்கை, மசோதா எண்ணோடு. அடுத்து உங்கள் வீட்டுக் கதை இரண்டு வரி. கடைசியில் ஒரு கேள்வி. நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும், இதை உங்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்:

"வணக்கம். என் பெயர் இன்னது, ஜான்ஸ் கிரீக்கிலிருந்து பேசுகிறேன், ஜிப் கோடு இது. பிரதிநிதி எச்.ஆர். 14, ஜான் லூயிஸ் ஓட்டுரிமை மசோதாவில் இணை முன்மொழிபவராகச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் அம்மா அமெரிக்கக் குடிமகள், ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஓட்டுரிமைச் சட்டம் இருப்பதால்தான் நான் அவருக்கு வாக்குச்சீட்டைப் படித்துச் சொல்ல முடிகிறது. அந்தச் சட்டம் பலவீனமானால் என் அம்மாவின் ஓட்டும் போய்விடும். இந்த மசோதாவில் பிரதிநிதியின் நிலைப்பாடு என்ன? எழுத்தில் பதில் வேண்டும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டால் யாராவது உட்கார்ந்து ஒரு பதில் தயார் செய்ய வேண்டும். அது வரும்போது பத்திரப்படுத்துங்கள், அடுத்த அழைப்புக்கு அதுதான் ஆதாரம். வாய்ஸ்மெயில் வந்தாலும் இதையே பேசிவிட்டு வையுங்கள், அதையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். கோபமாகப் பேசாதீர்கள், அந்தப் பிள்ளை சம்பளம்கூட வாங்காமல் உட்கார்ந்திருக்கலாம். ஒரே அழைப்பில் விசா, வரி, காஸ் விலை என்று எல்லாவற்றையும் கலக்காதீர்கள், எதுவும் பதிவாகாது.

ஆதரிக்கும் அலுவலகம் என்றால் பேச்சு வேறு. நன்றி சொல்லுங்கள், பிறகு தனியார் வழக்கு உரிமையைக் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் நேரடியாக வழக்குப் போடலாம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும், அதில் 208-ஆம் பிரிவைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், 203-ஐ 2032-க்கு முன்பே நீட்டிக்க வேண்டும். ஆதரவான அலுவலகங்களுக்கே எட்டாவது வட்டாரத் தீர்ப்பில் 208 சிக்கியிருப்பது பல சமயம் தெரிவதில்லை. நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

எதிர்க்கும் அலுவலகம் என்றால் மூன்று பதில்கள் வரும். "அது பழைய காலம், இப்போது எல்லோரும்தான் ஓட்டுப் போடுகிறார்கள்" என்பார்கள். 2018-இல் ரேண்டால்ஃப் கவுண்டி என்று சொல்லுங்கள். "மாநில உரிமையில் வாஷிங்டன் தலையிடுகிறது" என்பார்கள். மாநில உரிமை என்றாலே நமக்கு மனம் இளகும், அண்ணா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் மாநிலம் தன் குடிமகனின் ஓட்டைத் தடுக்கும் அதிகாரம் மாநில உரிமையில் சேராது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் 15-ஆம் திருத்தம் அந்த வேலையைக் காங்கிரஸிடம்தான் கொடுத்திருக்கிறது. "இது டெமாக்ரட் கட்சி மசோதா" என்பார்கள். அப்போது 98-க்கு 0 என்று சொல்லுங்கள், புஷ்ஷின் கையெழுத்தைச் சொல்லுங்கள். 2021 நவம்பரில் இந்த மசோதாவை விவாதத்துக்கு எடுக்க ஆதரவாக வாக்களித்த அலாஸ்காவின் ரிபப்ளிகன் செனட்டர் லிசா முர்கௌஸ்கியைச் சொல்லுங்கள். அன்று 60 ஓட்டுத் தேவைப்பட்ட இடத்தில் 50 தான் கிடைத்தது. அந்த இடைவெளியை நிரப்பப்போவது இந்த எதிர்க்கும் அலுவலகங்கள்தான். அதனால்தான் எங்கள் தொகுதி எதிர்ப்பான தொகுதியாக இருந்தும் நான் அங்கேயும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

கடிதமும் நேரில் போவதும்

வாஷிங்டனுக்குத் தபாலில் கடிதம் அனுப்பாதீர்கள். 2001-இல் ஆந்த்ராக்ஸ் தூள் வந்ததிலிருந்து எல்லாத் தபாலும் பாதுகாப்புச் சோதனைக்குப் போய்த் தாமதமாகத்தான் சேரும். உள்ளூர் அலுவலகத்தில் கொடுங்கள், அல்லது அவர்கள் இணையதளப் படிவத்தில் எழுதுங்கள். யாரோ எழுதிய வாசகத்தை அப்படியே ஒட்டினால் மற்றவற்றோடு ஒரே கட்டாகச் சேர்த்துவிடுவார்கள். உங்கள் அம்மா, அப்பா, மாமியார் கதை இரண்டு பத்தி எழுதினால் தனியாகப் படிப்பார்கள்.

நேரில் போவதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆகஸ்டில் காங்கிரஸ் விடுமுறை, உறுப்பினர் தொகுதியில் இருப்பார். சில வாரம் முன்பே நேரம் கேளுங்கள். உறுப்பினர் கிடைக்காவிட்டால் அலுவலரைப் பார்த்தாலும் நல்லதுதான், மசோதாவைப் படிப்பவர் அவர்தான். நாலைந்து பேர் போதும், அதில் ஒருவராவது ஆங்கிலம் தெரியாத பெரியவராக இருக்கட்டும். அவர் தமிழில் பேசட்டும், பேத்தி மொழிபெயர்க்கட்டும். 208-ஆம் பிரிவு என்ன என்பது அந்த அறையிலேயே புரிந்துவிடும். ஒரு பக்கத் தாளில் கோரிக்கையை எழுதி விட்டுவிட்டு வாருங்கள், அன்று மாலையே நன்றி மின்னஞ்சலில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள்.

சங்கத்தில்

"சங்கத்துக்கு அரசியல் கூடாது" என்பது நம்மிடையே நிலைத்துவிட்ட ஒரு தவறான நம்பிக்கை. பெரும்பாலான தமிழ்ச் சங்கங்கள் 501(சி)(3) என்ற வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு வகை. அவை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, இது கண்டிப்பு. ஆனால் ஒரு மசோதாவை ஆதரித்துப் பேசுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அது சங்கத்தின் முக்கிய வேலையாக ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளி விழாவில் ஒரு மேசை போட்டு, மசோதா எண், டெலிபோன் எண், பேச வேண்டிய நாலு வரி அச்சடித்த அட்டையை வைத்தாலே போதும். நான் பார்த்தவரை, பக்கத்தில் நின்று ஒருவர் கூப்பிட்டுக் காட்டிவிட்டால் அடுத்தவருக்குக் கூச்சம் போய்விடுகிறது.

மாநிலத் தலைநகரிலும் கேளுங்கள்

வாஷிங்டன் அசையும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலம், ஓரிகன், வர்ஜீனியா, நியூயார்க், கனெக்டிகட், மினசோட்டா, கொலராடோ ஆகியவை சொந்தமாக ஓட்டுரிமைச் சட்டம் வைத்திருக்கின்றன. 2-ஆம் பிரிவைப் பற்றிய எட்டாவது வட்டாரத்தின் 2023 தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டே, 2024-இல், மினசோட்டா தன் சட்டத்தை நிறைவேற்றித் தன் மக்களுக்கு வழக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. கலிஃபோர்னியாவில் மாநிலச் சட்டப்படி சாண்டா கிளாரா கவுண்டி தமிழிலேயே மாதிரி வாக்குச்சீட்டு தருகிறது. அங்கே இருப்பவர்கள் தயவுசெய்து அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். ஜார்ஜியாவில் இப்படி ஒரு சட்டம் இல்லை. எங்கள் மாநிலச் சட்டமன்றம் ஜனவரியில் கூடி வசந்தத்தில் முடிந்துவிடும், அதனால் டிசம்பரிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

மக்கள்தொகைத் துறையின் அமெரிக்க சமுதாயக் கணக்கெடுப்புப் படிவம் உங்கள் வீட்டுக்கு வந்தால் குப்பையில் போடாதீர்கள். வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதுங்கள். அம்மா ஆங்கிலம் எவ்வளவு பேசுவார் என்ற கேள்விக்குக் கௌரவம் பார்த்து "மிக நன்றாக" என்று குறிக்காமல் உள்ளதைக் குறியுங்கள். 203-ஆம் பிரிவின் கணக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை இந்தப் பதில்களிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

ஒரு காங்கிரஸ் முடியும்போது நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் காலாவதி. இப்போதையது 2027 ஜனவரி 3-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு புதிய எண்ணில்தான் மசோதா வரும், இணை முன்மொழிவோர் பட்டியலும் முதலிலிருந்து தொடங்கும். பழைய எண்ணைச் சொன்னால் போன் எடுப்பவருக்குப் புரியாது. ஆகவே ஒவ்வொரு ஒற்றைப்படை ஆண்டின் தொடக்கத்திலும் ஜான் லூயிஸ் பெயரைப் போட்டுத் தேடி, புது எண்ணை அட்டையில் மாற்றி எழுதிவிட்டு, மறுபடி மூன்று அலுவலகத்தையும் கூப்பிடுங்கள்.